தானாக அணையும் கம்ப்யூட்டரும் தவறாமல் திட்டு வாங்கும் பிள்ளையும்



பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை. இடுக்கிப் பக்கம் மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு. இந்த எல்லைப் பகுதியெங்கும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு புதுவிதமான வழக்கு நடக்கிறது. வாதி, வீட்டுப் பெரியவர். பிரதிவாதி, பிளஸ் டூவோ கல்லூரியோ படிக்கும் பிள்ளை. வழக்குக்குக் காரணமான பொருள், கேம் விளையாடுவதற்கென்று பாகம் பாகமாக வாங்கிப் பிள்ளையே சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர். கட்டிய புதிதிலேயே அது விளையாட்டின் நடுவில் பட்டென்று அணைந்துவிடுகிறது. "அப்பவே சொன்னேன், கேட்டியா? கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியிருக்கலாம். ராத்திரி பகலா கேம் ஆடினா எந்த மெஷின்தான் தாங்கும்?" என்று தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. விசாரணை மட்டும் நடப்பதே இல்லை.

இதைச் சிறுபிள்ளை விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. இப்படி ஒரு கம்ப்யூட்டருக்கு ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று செலவாகிறது. அது தோட்டத்தில் கொழுந்து எடுத்த கூலியில் மிச்சம் பிடித்ததாக இருக்கலாம். துபாயிலோ பெங்களூரிலோ இருக்கும் அண்ணன் அனுப்பியதாக இருக்கலாம். இரண்டு முறை அணைந்ததும் துணி போர்த்தி மூலையில் வைத்துவிட்டால் வீணாவது பணம் மட்டுமல்ல. தன் கையால் ஒன்றைச் செய்துவிட முடியும் என்று பிள்ளைக்கு வந்த நம்பிக்கையும் அதோடு மூலைக்குப் போய்விடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். தானாக அணைந்த கம்ப்யூட்டர் பெரும்பாலும் கெட்டுப்போன கம்ப்யூட்டர் அல்ல; தன்னைக் காத்துக்கொண்ட கம்ப்யூட்டர். எதிலிருந்து காத்துக்கொண்டது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையை அதைக் கட்டிய பிள்ளையிடமே ஒப்படைக்க வேண்டும்.

நம் இடுக்கியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1976-இல் திறக்கப்பட்ட இடுக்கித் திட்டத்தின் மூலமட்டம் மின்நிலையத்தில், மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் 130 மெகாவாட் வீதம் 6 இயந்திரங்கள், ஆக மொத்தம் 780 மெகாவாட் சக்தியுடன் இருக்கின்றன. அங்கே சூடு அளவு மீறினாலோ, மின்னோட்டம் அளவு மீறினாலோ, இயந்திரத்தை நிறுத்திவிடும் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. அப்படி ஒரு இயந்திரம் நின்றால் "மெஷின் மோசம்" என்று எந்த இன்ஜினீயரும் சொல்வதில்லை. எந்தப் பாதுகாப்பு வேலை செய்தது, ஏன் செய்தது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரும் அந்த வகையில் ஒரு குட்டி மின்நிலையம்தான். பிராசஸர் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் மொத்தத்தையும் அணைத்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் சொல்லும் பவர் சப்ளைப் பெட்டியும், தன்னிடம் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கப்பட்டால் கதவைச் சாத்திவிடும். சாத்தாவிட்டால்தான் ஆபத்து.

"கேம்தான் காரணம்" என்ற தீர்ப்புக்கு வருவோம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? 2021 ஜூலையில் அமேசான் நிறுவனத்தின் 'நியூ வேர்ல்டு' என்ற விளையாட்டு சோதனைக்கு வந்தபோது, ஈ.வி.ஜி.ஏ. நிறுவனம் விற்ற விலையுயர்ந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கிராபிக்ஸ் கார்டுகள் சில செத்துப்போயின. உலகமே விளையாட்டைத் திட்டியது. பிறகு அந்த நிறுவனமே ஆராய்ந்து, அந்தக் கார்டுகளில் சால்டரிங் சரியாக இல்லாததுதான் கோளாறு என்று சொல்லி, வேறு கார்டுகள் கொடுத்தது. விளையாட்டு செய்ததெல்லாம், ஏற்கெனவே இருந்த பலவீனத்தை வெளியே காட்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் போட்ட பல கம்ப்யூட்டர்களில் விளையாட்டுகள் பாதியில் நின்றன. திரையில் வந்த செய்தியோ "வீடியோ மெமரி போதவில்லை" என்றது. எனவே பலர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கடைசியில் 2024-இல், பிராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதுதான் காரணம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டுகள் கூட்டியது. இயந்திரம் தன் வாயால் சொல்லும் காரணத்தையே முழுக்க நம்ப முடியாதென்றால், பார்த்தவுடன் நாம் சொல்லும் காரணத்தை எப்படி நம்புவது?

சரி, நம் வீடுகளில் எங்கே தவறு நடக்கிறது? என் கருத்தில் பணம் போடும் இடத்தில் நடக்கிறது. கல்யாணத்தில் பந்தலுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டுச் சமையல்காரரிடம் பேரம் பேசுவது போல, கண்ணுக்குத் தெரியும் கிராபிக்ஸ் கார்டுக்கும், வண்ண விளக்கு எரியும் கேபினெட்டுக்கும் காசைக் கொட்டிவிட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற கார்டு 170 வாட் எடுக்கும். பிராசஸர் ஒரு 100 வாட். மதர்போர்டு, ராம், விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 வாட் என்று வைத்தால் ஆக 320 வாட். "450 வாட் பெட்டி போட்டிருக்கிறோமே, போதாதா?" என்று கேட்பீர்கள். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். மலிவான பெட்டியில் அது 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க வரும் 216 வாட்தான் அங்கே உண்மையாகக் கிடைக்கும். கார்டும் பிராசஸரும் கேட்பதோ பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான். போதாக்குறைக்கு, காட்சி திடீரென்று மாறும்போது கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவான நேரத்துக்குத் தன் வழக்கமான அளவைவிட வெகு அதிகமாக இழுக்கும். இதற்காகவே 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற விதிமுறை, பெரிய கார்டுகளுக்கான எஸ்.எம்.பி.எஸ். 100 மைக்ரோ விநாடிக்குத் தன் திறனைப்போல் இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று வகுத்தது. ஆகவே, கேம் ஆடும்போது மட்டும் அணைந்து, சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வருகிறது என்றால், முதல் சந்தேகம் இந்தப் பெட்டியின் மேல்தான் விழ வேண்டும்.

இனி விசாரணை முறைக்கு வருகிறேன். பதறாத காரியம் சிதறாது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். அணைந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், வீட்டில் வேறு எது ஓடிக்கொண்டிருந்தது, தானாகத் திரும்ப எழுந்ததா இல்லையா என்று தேதி போட்டு எழுதட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யக் கூடாது. ஒன்றை மாற்றி, சோதித்து, எழுதிய பிறகே அடுத்தது. இந்த ஒழுங்கு இல்லாமல் மூன்று பாகங்களை ஒன்றாக மாற்றினால், கம்ப்யூட்டர் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

பொத்தானை அழுத்திய சில விநாடிகளிலேயே அணைகிறதா? மதர்போர்டின் அடியில் திருகோ, தவறான இடத்தில் போட்ட பித்தளைத் தூணோ உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம். பிராசஸரின் மேல் உட்கார வேண்டிய ஹீட் சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்திவிடுவது புதிதாகக் கட்டுபவர்களிடம் அடிக்கடி நடப்பது. பத்து நிமிடம் ஆடிய பிறகு அணைகிறதா? சூட்டைப் பாருங்கள். எச்.டபிள்யூ. இன்போ போன்ற இலவச மென்பொருள்கள் பிராசஸரின் சூட்டை எண்ணாகவே காட்டும். எண் ஏறிக்கொண்டே போய் அணைந்தால் விடை கிடைத்துவிட்டது. சூடு சாதாரணமாக இருந்தும் கனமான காட்சியில் அணைந்தால் மின்சாரப் பக்கம் போங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் இணைப்பு, பிராசஸருக்கான 8 பின் இணைப்பு, கார்டுக்கான இணைப்பு மூன்றும் 'க்ளிக்' என்று முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று, கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நண்பனிடமிருந்து ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். கடன் வாங்கி ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள். அந்தப் பெட்டியோடு வந்த வயர்களையே போட வேண்டும். பழைய பெட்டியின் வயர்களை இதில் மாட்டினால் பாகங்கள் எரிந்துவிடக்கூடும்.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்ற இடத்தில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். கம்ப்யூட்டர் முறையாக மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறு எதுவும் சொல்லவில்லை. அதுவே நோய் அல்ல.

ஒரு எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. கரண்டைப் பிடுங்கிய பின்னும் அதன் உள்ளே உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் எல்லைப் பகுதிக்கென்று சில தனிக் காரணங்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. கம்ப்யூட்டர் விசிறி உள்ளே தள்ளும் காற்றே அந்தச் சூட்டில் இருந்தால், டிசம்பரில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் ஏப்ரலில் அணைவதில் வியப்பில்லை. சுவரோடு ஒட்டி, மர அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். 2024 கோடையில் கேரளத்தின் ஒரு நாள் மின் உபயோகம் 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. அப்படிப்பட்ட இரவுகளில் வோல்டேஜ் இறங்குவதும் ட்ரான்ஸ்பார்மர் நின்றுபோவதும் நாம் அறிந்ததே. மூணாறு, பீருமேடு பக்கம் வெயில் இல்லை, ஆனால் மழைக்காலம் முழுக்க ஈரம். இணைப்புகளில் பச்சைக் களிம்பு, பெட்டிக்குள் எறும்பு, பல்லி என்று பார்க்க வேண்டியவை வேறு.

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். மூன்று முனை பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் முனை எதற்கென்று கேட்டால் நம்மில் பலர் பதில் சொல்லமாட்டோம். பழைய லயன் வீடுகளிலும், வாடகை வீடுகளிலும் அந்தத் துளைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பதுண்டு. கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டைத் தொட்டால் சுருக்கென்று சிலிர்க்கிறது என்றால் அதுதான் அடையாளம். கம்ப்யூட்டர் அணையும்போது வீட்டின் ஈ.எல்.சி.பி.யும் சேர்ந்து விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஈ.எல்.சி.பி. தொல்லை தருகிறது என்று அதைக் கழற்றிவிடுவது, நாய் குரைக்கிறது என்று நாயைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பது போன்றது.

அடுத்தது யு.பி.எஸ். கடைகளில் அதிகம் விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே போட்ட 320 வாட் கணக்கோடு மானிட்டரையும் சேர்த்துப் பாருங்கள். கரண்ட் போன நொடியில் அது கைவிரிப்பதில் தவறென்ன? வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருந்தால், அதில் 'யு.பி.எஸ். மோட்' என்று தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத நிலையில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை மின்விசிறி பொறுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரால் சுமார் 16 மில்லி விநாடிக்கு மேல் பொறுக்க முடியாது. சோதனைக்காக ஒரு நாள் யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் விட்டு, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஓட்டிப் பார்த்தாலே பாதி மர்மம் விலகிவிடும்.

இடி மின்னலையும் மறக்கக் கூடாது. கோடை மழையிலும் துலா மழையிலும் இங்கே பிற்பகல் இடி அதிகம். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருக்கும்படி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிப்பது வழக்கம். வானம் இருண்டால் ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கையும், இன்டர்நெட் வயரையும் பிடுங்க வேண்டும். வோல்டேஜ் புகாருக்கு மின்வாரியத்தின் 1912 எண் இருக்கிறது. மூணாறு தோட்டப் பகுதியில் மின் விநியோக உரிமம் தோட்டக் கம்பெனியிடம் இருப்பதால், அங்குள்ளவர்கள் கம்பெனியின் மின் பிரிவையே அணுக வேண்டும்.

பாகமே பழுது என்று தெரிந்தால்? இங்கேதான் எல்லைக்காரர்களான நாம் ஏமாந்துபோகிறோம். வாங்கியது கோயம்புத்தூரில் அல்லது தேனியில், வீடு கேரளத்தில். "அவ்வளவு தூரம் யார் அலைவது?" என்று விட்டுவிடுகிறோம். 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பில், வாரண்டிச் சீட்டு, பெட்டி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பிள்ளை எழுதிய நோட்டுப் புத்தகம் அப்போது பெரிய துணையாக நிற்கும். "சும்மா அணைகிறது" என்று சொல்லும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். "இந்தத் தேதியில், இந்தச் சுமையில், வேறு பெட்டி போட்டால் அணையவில்லை" என்று சொல்பவரை அப்படி அனுப்புவது கடினம்.

"இவ்வளவு பாடுபட்டு ஒரு கேம் கம்ப்யூட்டர் தேவையா?" என்று சில பெரியவர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நாள் முழுக்க விளையாடுவது நல்லதென்று நான் சொல்லமாட்டேன். நேரக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் இரண்டு விஷயத்தைக் குழப்ப வேண்டாம். பிள்ளை அதிகம் விளையாடுகிறான் என்பது ஒரு வழக்கு. கம்ப்யூட்டர் அணைகிறது என்பது வேறு வழக்கு. முதல் வழக்கின் கோபத்தை இரண்டாவதில் காட்டினால் இரண்டுமே தீராது. மேலும், காரணம் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் எந்தப் படிப்புக்கும் அடிப்படை. கேரளத்துப் பள்ளிகளில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் குழுக்களில் ஹார்டுவேரும் கற்றுத் தருகிறார்கள். பள்ளிக்கூடம் நம்பிக் கொடுக்கும் ஸ்குரூ டிரைவரை வீட்டில் நாம் பிடுங்கி வைப்பது என்ன நியாயம்?

கடைசியாக நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் பட்டிமன்றமும் கோலப் போட்டியும் நடக்கட்டும். அதோடு ஒரு ஓரத்தில் ஒரு மேஜை போடுங்கள். அதன் மேல் ஒரு மல்டிமீட்டர், ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்., ஒரு தெர்மல் பேஸ்ட் குழாய். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் உட்காரட்டும். அணையும் கம்ப்யூட்டர்களைப் பிள்ளைகள் தூக்கி வரட்டும். அப்பாக்களும் அம்மாக்களும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எர்த் என்றால் என்ன, வாட் என்றால் என்ன என்று தமிழில் விளக்கட்டும். நம் பிள்ளைகள் இந்த விஷயங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பள்ளியில் கேட்கிறார்கள். வீட்டில் அப்பாவிடம் சொல்லத் தமிழில் வார்த்தை கிடைக்காமல் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தில்தான் திட்டு பிறக்கிறது. ஒரு சங்கம் ஆண்டுக்கு ஐந்து கம்ப்யூட்டர்களை மூலையிலிருந்து மீட்டெடுத்தாலும், மொழிக்குச் செய்த தொண்டு என்றே அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.